‘நிட்’ என்றால் பின்னுவதா, முடிவதா?

காங்கயம் பக்கமிருந்து தினமும் பஸ் ஏறி வந்து திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் ஜூனியர் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் ஓர் அம்மணி கேட்ட கேள்வி இது. வெளிநாட்டுப் பையர் (சரக்கு வாங்குகிறவர்) அனுப்பிய ஒரே மெயிலில் ‘நிட்’ என்ற வினைச்சொல் மூன்று இடத்தில் வந்திருக்கிறது. போலோ டி-ஷர்ட்டுக்குக் காலரைத் தனியாக ‘நிட்’ செய்ய வேண்டும் என்பது ஒன்று. ‘எங்களுடையது க்ளோஸ்-நிட் டீம், யாரிடம் சொன்னாலும் எல்லாருக்கும் போய்விடும்’ என்பது இரண்டாவது. மூன்றாவதில்தான் சிக்கல். அந்தப் பையருக்கு மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறதாம். எலும்பு இன்னும் ‘நிட்’ ஆகவில்லை, ஒற்றைக் கையால் டைப் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள் என்று முடித்திருக்கிறார். அகராதியைப் புரட்டினால் ‘பின்னு’ என்று போட்டிருக்கிறது. “எலும்பப் போயி ஆராச்சும் பின்னுவாங்களாங்க?” என்கிறார் அம்மணி. கூடவே இன்னும் இரண்டு சந்தேகம்: இறந்த காலத்தில் ‘நிட்டட்’தான் என்று மேனேஜர் சொல்கிறார், ‘நிட்’ மாறாது என்று கிராமர் சொல்லிக்கொடுத்த வாத்தியார் சொன்னாராம், எது சரி? முன்னால் நிற்கிற ‘கே’ எழுத்து எதற்கு?

முதலில் எலும்பை எடுத்துக்கொள்வோம். அகராதி பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறது. ‘நிட்’ என்பதன் ஆதிப்பொருள் பின்னுவது அல்ல. முடிச்சுப் போடுவது.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இது ‘க்னிட்டன்’ என்பது போல ஒலித்தது. முடிச்சுப் போட்டுக் கட்டு, இறுக்கு, பிணை என்பதுதான் பொருள். அதே காலத்தில் முடிச்சுக்குப் பெயர் ‘க்னொட்டா’. இன்று நாம் ‘நாட்’ என்கிறோமே, அது. ‘நாட்’ பெயர்ச்சொல், ‘நிட்’ அதிலிருந்து பிறந்த வினை. நடுவில் இருக்கும் உயிரெழுத்து மாறியதற்கும் ஒரு காரணம் உண்டு. வினையாக்கும்போது பின்னால் ஒட்டிய விகுதியில் ஒரு யகரம் இருந்தது. அது முன்னால் இருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. ஆங்கிலத்தில் இப்படிப் பிறந்த ஜோடிகள் நிறைய: சாப்பாட்டுக்கு ‘ஃபுட்’, ஊட்டுவதற்கு ‘ஃபீட்’, ரத்தத்துக்கு ‘ப்ளட்’, ரத்தம் வடிவதற்கு ‘ப்ளீட்’. நமக்கு இது விநோதமே இல்லை. எழுதும்போது இடம், இலை, உடம்பு, உரல். வாயில் வரும்போது எடம், எலை, ஒடம்பு, ஒரல். பின்னால் வரும் உயிர் முன்னால் இருப்பதை இழுக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) ஞாபகம் வந்துவிடுகிறது. பர்ஸ் என்ற ஒன்றைக் கையால் தொடாத மனுசி. பால் காசு, முட்டை விற்ற காசு எல்லாம் சேலை முந்தியில். நோட்டை நாலாக மடித்து, நடுவில் சில்லறையை வைத்து, முந்தி நுனியை ஒரு சுற்றுச் சுற்றி, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து இறுக்குவார். அதற்கு அவர் சொல்லும் சொல் ‘முடிஞ்சு வெக்கறது’. பேரனுக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சத் துணியில் ஒண்ணேகால் ரூபாயைப் பழனி முருகனுக்கு முடிஞ்சு சாமி படத்துக்குப் பின்னால் வைப்பதும் அதே வினைதான். அந்தப் பழைய ‘க்னிட்டன்’ எதைக் குறித்தது என்று என்னைக் கேட்டால், எங்கள் அம்மிச்சி செய்ததைத்தான் என்பேன். கூந்தலை முடிந்தாள், பூவை முடிந்தாள், காசை முடிந்தாள். ‘பின்னு’ அல்ல, ‘முடி’.

இதற்கு எழுத்தில் சாட்சி வேண்டுமா? 1611இல் அச்சான ஆங்கில பைபிளில் பேதுருவுக்கு ஒரு தரிசனம் வருகிறது. வானத்திலிருந்து ஒரு பெரிய விரிப்பு, நாலு மூலையும் பிடித்தபடி இறங்கும். அங்கே நாலு மூலையும் ‘நிட்’ என்றுதான் ஆங்கிலம் சொல்கிறது. தமிழ் பைபிளில் ‘நாலு முனைகளும் கட்டப்பட்ட பெரிய துப்பட்டி’. மொழிபெயர்த்தவர்கள் ‘பின்னப்பட்ட துப்பட்டி’ என்று போயிருந்தால் திருப்பூர்க்காரன் அதைப் படித்துவிட்டு எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) என்று கேட்டிருப்பான். அதே பைபிளில் யோனத்தானின் ஆத்துமா தாவீதின் ஆத்துமாவோடு ‘நிட்’ ஆனது என்றும் வரும். பிணைந்தது, ஒன்றாய்க் கட்டுண்டது என்று அர்த்தம்.

அப்படியானால் துணிக்கு எப்படி இந்தச் சொல் வந்தது? நூலைக் கையில் எடுத்து வளைத்து, கோத்து, இறுக்கிச் செய்கிற எல்லாக் கைவேலைக்கும் முடிச்சுப் போடுகிற பேச்சே பொதுவாக இருந்திருக்கிறது. இரண்டு ஊசியை வைத்து நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துத் தொப்பியும் காலுறையும் செய்யும் வேலை ஐரோப்பாவில் பரவியபோது, 15, 16ஆம் நூற்றாண்டுகளில், ஆங்கிலேயர் அதையும் ‘நிட்’ என்றே அழைத்தார்கள். வேலை அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. இன்றைக்கு மியூசியங்களில் இருக்கும் மிகப் பழைய நிட் துணிகளில் பல எகிப்தில் கிடைத்த காலுறைகள், அதுவும் நம்மைப் போலப் பருத்தி நூலில் செய்தவை, நீலமும் வெள்ளையுமாக.

மெசின் வந்தது 1589இல். நாட்டிங்ஹாம் பக்கத்தில் கால்வெர்ட்டன் என்ற ஊர்க்காரர் வில்லியம் லீ, காலுறை பின்னும் சட்டத்தைச் செய்தார். கையால் பின்னிப் பிழைக்கிறவர்கள் வயிற்றில் இது அடிக்கும் என்று எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்துவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பிறகு 1847இல் லெஸ்டர் நகரத்து மேத்யூ டவுன்செண்ட், கொக்கியின் வாயைத் தானே திறந்து மூடிக்கொள்ளும் குட்டி நாக்கு வைத்த ஊசியைக் கொண்டுவந்தார். ‘லாட்ச் நீடில்’. லாட்ச் என்றால் தாழ்ப்பாள். திருப்பூரில் பனியன் துணி ஓட்டுகிற வட்ட மெசினில் சுற்றிக்கொண்டிருக்கும் ஊசி அதே குடும்பத்து ஊசிதான்.

அந்த ஊசியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அப்போதுதான் இந்தச் சொல்லின் வேடிக்கை புரியும். மெசினை நிறுத்தச் சொல்லி, ஆபரேட்டரைக் கையால் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். ஊசி மேலே ஏறும். கொக்கிக்குள் ஏற்கெனவே ஒரு கண்ணி உட்கார்ந்திருக்கும். ஊசி ஏற ஏற அந்தக் கண்ணி நாக்கைத் தள்ளித் திறந்துகொண்டு, நாக்குக்கும் கீழே தண்டுக்கு இறங்கிவிடும். இப்போது கொக்கி காலி. நூல் ஊட்டும் ஃபீடரிலிருந்து வரும் புது நூல் அதில் விழும். ஊசி கீழே இறங்கும்போது பழைய கண்ணியே நாக்கை மேலே தள்ளித் தாழ்ப்பாளை மூடிவிட்டு, ஊசியின் தலைக்கு மேல் ஏறிக் கழன்று விழும். புது நூல் அந்தக் கண்ணிக்கு உள்ளே புகுந்து அடுத்த கண்ணியாக நிற்கும். நிட்டிங் மாஸ்டரைக் கேட்டால் ஊசிக்கு மூன்றே வேலைதான் என்பார்: நிட், டக், மிஸ். முழுதாக ஏறிப் பழையதைக் கழற்றினால் நிட். அரைகுறையாக ஏறி, பழையதையும் விடாமல் புதியதையும் வாங்கிக்கொண்டால் டக். போலோ டி-ஷர்ட்டுக்கு ஓட்டுகிற பிக்கே துணியில் தெரியும் குழி குழியான அமைப்பு இந்த டக்கால் வருவது. ஏறாமலே சும்மா இருந்தால் மிஸ். சில ஆபீசுகளில் ஆட்களையும் இப்படிப் பிரித்துவிடலாம், அது வேறு விஷயம்.

இதில் முடிச்சு எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. 30 இன்ச் டயா (விட்டம்), 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி) மெசின் ஒன்றில் ஏறக்குறைய 2,260 ஊசி. 90 ஃபீடர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் கண்ணி. அத்தனையிலும் ஒரு முடிச்சுக்கூடக் கிடையாது. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்பதுதான். நம்பிக்கை இல்லாவிட்டால் கட்டிங் டேபிளுக்குக் கீழே கிடக்கும் பனியன் வேஸ்டில் ஒரு சிங்கிள் ஜெர்சி (சாதா பனியன் துணி) துண்டை எடுத்து, கடைசியாக ஓடி முடிந்த பக்கத்து ஓரத்தில் நூலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வரிசை வரிசையாக உருவிக்கொண்டு வரும், வெறும் நெளிநெளி நூல் கையில் நிற்கும். முடிச்சு இருந்தால் உருவாது.

முடிச்சில் பிறந்த சொல், முடிச்சே இல்லாத துணிக்குப் பெயராகிவிட்டது. இதோடு நிற்கவில்லை. நிட்டிங் ஓட்டுகிற இடத்தில் முடிச்சு என்பது குற்றம். நூல் அறுந்தால் மெசின் நின்று விளக்கு எரியும், ஆபரேட்டர் ஓடி வந்து நுனிகளைச் சேர்த்து முடிவான். அந்த முடிச்சு பெரிதாகப் போனால் கொக்கியில் சிக்கி ஊசியை உடைக்கும், அல்லது துணியில் ஓட்டை விழும். அதனால்தான் நூல் மில்லிலேயே கோனில் சுற்றும்போது, முடிச்சுப் போடாமல் காற்றை அடித்து இழைகளை ஒன்றோடொன்று கலந்து ஒட்டுகிறார்கள். அதற்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். மீறி ஒரு முடிச்சு வந்துவிட்டால் துணி செக்கிங்கில் விளக்குக்கு மேலே துணி ஓடும்போது செக்கர் அதைச் சுற்றி மார்க் போட்டு, ரிப்போர்ட்டில் ‘நாட்’ என்று எழுதுவார். பெற்ற தாயைப் பிள்ளையின் வீட்டுக்குள் விடாத கதைதான்.

தமிழில் நாம் ‘பின்னலாடை’ என்று வைத்தோமே, அது சரியா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். நம் ‘பின்னு’வின் சொந்த ஊர் வேறு. சடை பின்னுவது, கூடை பின்னுவது, கயிற்றுக் கட்டில் பின்னுவது. இரண்டு மூன்று இழையை ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போடுவது. ஓலைக்கு வந்தால் ‘முடை’. தறிக்குப் போனால் ‘நெய்’. சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமுக்காளமும் நெய்வது, பாவு நெடுக்கே ஓட, ஊடை குறுக்கே போக. இந்த மூன்றிலும் சேராத நாலாவது வேலையாகக் கண்ணி கோக்கும் வேலை வந்தபோது, நாம் பக்கத்திலிருந்த ‘பின்னு’வை நீட்டிக்கொண்டோம். குறை சொல்ல மாட்டேன். டச்சுக்காரர்களும் இதையே செய்தார்கள்: அவர்கள் நிட் செய்வதற்குச் சொல்லும் ‘ப்ரைஎன்’, ஆங்கிலத்தில் சடை பின்னுவதைக் குறிக்கும் ‘ப்ரெய்ட்’ உடைய சொந்தக்காரன். ஜெர்மன்காரன் கயிற்றிலிருந்து எடுத்தான். ‘ஷ்ட்ரிக்’ என்றால் கயிறு, ‘ஷ்ட்ரிக்கன்’ என்றால் நிட் செய்வது. இத்தாலிக்காரன்தான் விவரமானவன், வலைக்கண்ணியைக் குறிக்கும் ‘மாலியா’ என்ற சொல்லையே துணிக்கு வைத்தான். இந்திக்கு நெய்வதும் ‘புன்னா’, நிட் செய்வதும் ‘புன்னா’. அதனால் பீகாரிலிருந்து வந்திருக்கும் தம்பியிடம் இரண்டுக்கும் வித்தியாசம் விளக்குவதற்குச் சொல்லைவிடத் துணியைக் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்வது சுலபம். நீண்டு கொடுத்தால் நிட், கொடுக்காவிட்டால் தறித்துணி. லைக்ரா கலந்த தறித்துணி வராத காலத்தில் இந்தச் சோதனை தப்பாமல் பலித்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கண்ணி, நிட், இரண்டிலும் ‘ன்’ ஒலி இருக்கிறது, ககரமும் இருக்கிறது, ஆகவே தமிழ்க் கண்ணியிலிருந்துதான் ஆங்கில நிட் போனது என்று டீக்கடையில் ஒருத்தர் என்னிடம் அரை மணி நேரம் வாதாடினார். டீயும் அவரே வாங்கிக் கொடுத்ததால் நான் ரொம்ப எதிர்க்கவில்லை. ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது. நிட்டின் பங்காளிகள் எல்லாம் ஜெர்மானியக் குடும்பத்திலேயே வரிசையாக இருக்கிறார்கள்: ஜெர்மனில் முடிச்சுக்கு ‘க்னோட்டன்’, வட ஐரோப்பியப் பழைய நார்ஸ் மொழியில் ‘க்னூட்டர்’. அதைவிட்டு வெளியே தேட வேண்டிய அவசியமே இல்லை. நம்மிடமிருந்து போன மாதிரி ஒரு சொல் வேண்டுமென்றால் பனியன் இருக்கிறது. குஜராத்தி வணிகர்களைக் குறிக்கும் ‘வாணியா’ என்ற சொல் போர்ச்சுகீசியர் வாயில் ‘பனியன்’ ஆகி ஆங்கிலத்துக்குப் போய், வெள்ளைக்காரர்கள் வீட்டில் போட்டுக்கொண்ட தளர்வான அங்கிக்குப் பெயராகி, கடைசியில் நம் உள்ளாடைக்கு வந்து சேர்ந்தது. திருப்பூரே அந்தச் சொல்லில்தான் சோறு தின்கிறது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இத்தனை வருடமாக ‘நிட்’ புழங்கும் ஊரில் யாரும் ‘நிட்டினான்’ என்றோ ‘நிட்டுவேன்’ என்றோ சொல்லிக் கேட்டதில்லை. ‘நிட்டிங் ஓட்டறானுங்க’, ‘நிட்டிங்குக்கு நூல் போயிருச்சு’, ‘நிட்டிங் முடிஞ்சு சாயப்பட்டறைக்கு ஏத்தியாச்சு’. தமிழ் அந்நிய வினையை வினையாகவே வீட்டுக்குள் விடாது. திண்ணையில் பெயர்ச்சொல்லாக உட்கார வைத்து, பண்ணு, ஓட்டு, போடு என்று நம் வினை ஒன்றைத் துணைக்கு அனுப்பும். செக் பண்ணு, பேக் பண்ணு, அயனிங் போடு, ஓவர்லாக் அடி எல்லாம் இப்படித்தான். ஆகவே காலர் விஷயத்தை மாஸ்டரிடம் சொல்லும்போது ‘காலரைப் பின்னவும்’ என்று சுத்தத் தமிழில் போனால் அவர் முழிப்பார். ‘காலருக்குத் தனியா நிட்டிங் போடணுமாம்’ என்றால் உடனே புரியும்.

இனி அம்மணி கேட்ட எலும்பு. முடிச்சு என்ற வேரைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானே விழும். உடைந்த இரண்டு முனை பிணைந்து ஒன்றாவதுதான் எலும்பு ‘நிட்’ ஆவது. நம்மூரில் கட்டுக்கட்டுகிற வைத்தியர் மூங்கில் தப்பையை அவிழ்த்துத் தடவிப் பார்த்துவிட்டு “எலும்பு கூடிருச்சு” என்பார். அந்தக் ‘கூடு’தான் சரியான தமிழ். பின்னுவதும் இல்லை, தைப்பதும் இல்லை.

புருவத்தோடு வந்தால் நெரிப்பது. கோபத்திலோ யோசனையிலோ இரண்டு புருவமும் நடுவில் முடிச்சு விழுந்தது போல நெருங்கும். புருவத்தை நெரித்தான் என்று நாம் சொல்வது. உடம்போடு ‘வெல்-நிட்’ என்று வந்தால் கட்டான உடம்பு. இதில் எனக்குப் பிடித்தது, தமிழும் இங்கே முடிச்சுப் பக்கமே போய் நிற்பது. கட்டு என்றால் கட்டுவது. கட்டான உடம்பு, கட்டுக்கோப்பான சங்கம், அவளைக் கட்டிக்கொண்டான். ஒரு கதையிலோ வாதத்திலோ பல சரடுகளை ‘நிட் டுகெதர்’ செய்தார் என்றால் கோத்துக் கொடுத்தார் என்று போடலாம்.

‘க்ளோஸ்-நிட்’டுக்கு அகராதிகள் ‘நெருங்கிப் பிணைந்த’ என்று கொடுக்கும். தப்பில்லை, ஆனால் அப்படி யாரும் பேசுவதில்லை. நோம்பிக்கு வந்த ஒறம்பரையிடம் (உறவுக்காரரிடம்) பக்கத்து வீட்டுக்காரரை அறிமுகப்படுத்தும்போது நம் அம்மாக்கள் என்ன சொல்கிறார்கள்? “அவியளும் நாங்களும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுங்க.” அதேதான். மேலே சொன்ன ஊசியைத் திரும்ப ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: கண்ணிக்குள் கண்ணி, ஒன்றுக்குள் ஒன்று. நிட் துணியை நினைக்காமலே நம்மவர்கள் சொல்லும் வார்த்தை, அந்தத் துணியின் அமைப்புக்கு ஆங்கிலத்தைவிடப் பொருத்தமாகப் போய் உட்கார்ந்திருக்கிறது.

‘கே’ எழுத்துக்கு வருவோம். அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. ஒரு காலத்தில் ஆங்கிலேயன் ‘க்னிட்’ என்றே சொன்னான். முழங்காலை ‘க்னீ’ என்றான், கத்தியை ‘க்னைஃப்’ போல ஏதோ சொன்னான். 17ஆம் நூற்றாண்டுவாக்கில் அந்தக் ககரம் வாயிலிருந்து நழுவியது. அதற்கு முன்பே, 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு மெசின் கொண்டுவந்துவிட்டார். எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்துபோனது. ஒலி போனது, எழுத்து நின்றது. ஜெர்மன்காரன் இன்றும் முழங்காலை ‘க்னீ’ என்று ககரத்தோடு சொல்கிறான். நாமும் முதலெழுத்தைத் தொலைத்தவர்கள்தான். யாறு ஆறு ஆனது, யாண்டு ஆண்டு ஆனது. ஆனால் நாம் வாயில் விட்டதை எழுத்திலும் பெரும்பாலும் விட்டோம். மதுரைக்காரர்களுக்கு யானைமலை, பொள்ளாச்சிப் பக்கம் நமக்கு ஆனைமலை. அவரவர் சொல்வதை அவரவர் எழுதுகிறோம்.

இந்தக் ‘கே’யை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம். ட்ரெய்னியாக வந்த பையன் ஒருவன் துணி விவரம் எழுதும் ஸ்பெக் ஷீட்டில் ‘கே’ போடாமல் அடித்துவிட்டான். ‘கே’ இல்லாத ‘நிட்’ என்றால் ஆங்கிலத்தில் ஈர், அதாவது பேன் முட்டை. நூறு சதம் பருத்தி ‘ஈர்’த் துணி என்று மெயில் போய்விட்டது. பையர் கண்ணியமானவர், சிரிப்புப் பொம்மை ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பினார்.

நானே செய்த தப்பு அதைவிடச் செலவு வைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு போலோ ஷர்ட் ஆர்டருக்குப் பழைய ஃபைலைக் காப்பியடித்து, டாக்குமெண்ட்டில் ‘வோவன்’ (தறியில் நெய்தது) என்று விட்டுவிட்டேன். சுங்கத்தில் ஆடைகளுக்கு இரண்டு அத்தியாயம். நிட் அல்லது குரோஷே செய்தவை 61, அப்படி இல்லாதவை 62. ஆண்கள் போடும் நிட் சட்டை 6105, அதே சட்டை தறித்துணியில் தைத்தால் 6205, டி-ஷர்ட் 6109. தலைப்பில் ஒரு சொல் மாறினாலும் இந்த எண் மாறும், எண் மாறினால் வரிக் கணக்கே மாறும். தூத்துக்குடியில் சரக்கு நின்றுவிட்டது. திருத்திய பேப்பரை எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் நானே போனேன். பல்லடம் தாண்டும்வரை முதலாளி போனில் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து ‘நிட்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு வினாடி நின்றுதான் எழுதுகிறேன்.

மிச்சம் இருப்பது இறந்த காலம். மேனேஜரும் சரி, வாத்தியாரும் சரி. பழைய ஆங்கிலத்தில் இந்த மாதிரி வினைகளின் இறந்த காலத்துக்கு ஒரு ‘ட்’ விகுதி. வினையே ‘ட்’ஒலியில் முடிந்தால் அந்த விகுதி அதற்குள்ளேயே கரைந்துவிடும், கடைசி உயிரும் தேய்ந்துபோனபின் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே உருவில் நின்றன. ‘செட்’, ‘ஷட்’ இரண்டும் இப்படி வந்தவையே. பிற்பாடு மற்ற வினைகளைப் பார்த்து ‘நிட்டட்’ என்ற உருவும் புழக்கத்துக்கு வந்தது. இரண்டும் இன்றைக்குச் செல்லும், ஆனால் இடம் பார்த்துப் போட வேண்டும். கையாலோ மெசினாலோ துணி செய்ததைச் சொல்ல ‘நிட்டட்’ பாதுகாப்பானது, பிரிட்டிஷ் பையருக்கு முக்கியமாக. சுங்கப் பட்டியலிலும் ‘நிட்டட்’தான். அமெரிக்கப் பையர் ‘நிட் டாப்’, ‘நிட் ஃபேப்ரிக்’ என்று பெயருக்கு முன்னால் மொட்டையாகவே போடுவார். அவருக்கு அப்படியே திருப்பி எழுதலாம். உறவையும் குழுவையும் சொல்லும் ‘க்ளோஸ்-நிட்’, ‘டைட்-நிட்’ மட்டும் எப்போதும் மொட்டைதான். அங்கே ‘நிட்டட்’ போட்டால் அவர்கள் டீம் முழுவதும் ஒரே ஸ்வெட்டருக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிடும். எலும்புக்கும் புருவத்துக்கும் இரண்டில் எதுவும் ஓடும்.

‘-இங்’ சேர்த்தாலும் ‘-எட்’ சேர்த்தாலும் ‘டி’ எழுத்து இரண்டு வரும், மறக்க வேண்டாம்.

பதில் மெயில் எப்படிப் போடுவது என்றும் அம்மணி கேட்டிருந்தார். முதல் வரியில், காலர் எல்லாம் ‘நிட்டட்’ ஆகிவிட்டது, சாயத்துக்குப் போயிருக்கிறது என்று விவரம். டீம் பற்றிய வரிக்குப் பதில் தேவையில்லை. கடைசியில் ‘ஐ ஹோப் த போன் நிட்ஸ் வெல்’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். எலும்பு நன்றாகக் கூடட்டும் என்று அர்த்தம். அனுப்பும் முன் அந்தக் ‘கே’ இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும், எலும்பில் ஈர் வைத்துவிடப் போகிறது.